சின்ன டெஸ்க்டாப் சூடாகிறதா, திணறுகிறதா, அணைகிறதா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் வழி

இங்கே சொல்வது மூன்று வகைப் பெட்டிகளுக்குப் பொருந்தும். ஒன்று, 1 லிட்டர் அளவுள்ள தின்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி போன்ற அலுவலகப் பெட்டிகள். இரண்டு, 2 லிட்டருக்குள் அடங்கும் டெஸ்க்மினி வகை. மூன்று, கிராபிக்ஸ் கார்டோடு 10 முதல் 18 லிட்டர் வரை போகும் ஐடிஎக்ஸ் (சின்ன மதர்போர்டு) கேபினெட். பெரிய டவரில் 20 வாட் கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. இவற்றில் 10 வாட் கூடினாலே ஃபேன் ஊரைக் கூட்டும்.

## கழற்றுவதற்கு முன்: மூன்று எண்கள்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் வெப்பம், பவர் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நிறுவி, சென்சார் மட்டும் காட்டும் முறையில் திறந்து வையுங்கள். ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23-இன் 10 நிமிட ஓட்டத்தை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். முடியும் தறுவாயில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- அறை வெப்பம். ஏசி ரிமோட்டில் தெரிவது வேண்டாம். பெட்டி காற்றை இழுக்கும் பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் காட்டுவதுதான் கணக்கு.
- ப்ராசஸரின் பேக்கேஜ் பவர் (அது மொத்தமாக இழுக்கும் மின்சாரம்), வாட்டில்.
- ப்ராசஸர் வெப்பம், டிகிரியில்.

இதோடு, வேகத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் அதே திரையில் பார்க்கலாம். இன்டெலில் ‘பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ்’ என்ற பகுதியில் தெர்மல் (சூடு), பிஎல்1, பிஎல்2 (பவர் வரம்புகள்), ப்ரோக்ஹாட் (வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அவசர சமிக்ஞை) ஆகியவற்றில் எதற்கு நேரே ‘யெஸ்’ வருகிறது என்று பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸரில் பிபிடி லிமிட் (பவர் வரம்பு), தெர்மல் லிமிட் இரண்டும் சதவீதமாக வரும். எது 100-ஐத் தொடுகிறதோ அதுதான் முட்டுக்கட்டை.

பிரைம்95, ஃபர்மார்க் போன்ற கடுஞ்சுமைச் சோதனை மென்பொருள்களால் சோதிக்க வேண்டாம். அவை கொடுக்கும் சுமையை அன்றாட வேலை எதுவும் கொடுப்பதில்லை. அவற்றின் எண்ணைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாத கூலர் வாங்கியவர்கள்தான் அதிகம்.

## அறிகுறி 1: அரை நிமிடம் பறக்கிறது, பிறகு வேகம் விழுகிறது, சூடு 60–75-தான்

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. இன்டெல் ப்ராசஸருக்கு இரண்டு பவர் வரம்புகள் உண்டு. சிறிது நேரத்துக்கு மட்டும் பிஎல்2, அதன்பின் பிஎல்1. ஐ5-12400-க்கு இவை 117 வாட், 65 வாட். ஐ5-12400டி-க்கு 74 வாட், 35 வாட். மாறும் நேரம் வழக்கமாக 28 விநாடி. 28 விநாடிக்குப் பிறகு வேகம் இறங்கி, பிஎல்1-க்கு நேரே ‘யெஸ்’ எரிந்தால் பெட்டி சொன்னபடி நடக்கிறது என்று பொருள்.

வேகம் போதவில்லை என்றால் வரிசை இது:

1. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ‘லாங் டியூரேஷன் பவர் லிமிட்’, அதாவது பிஎல்1-ஐத் தேடுங்கள். இருந்தால் 10 வாட் ஏற்றி, மறுபடி 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். 85 டிகிரியைத் தாண்டும் வரை இப்படியே ஏற்றலாம்.
2. அடாப்டரின் வாட்டைப் பாருங்கள். 65 வாட் அடாப்டரில் ஓடும் பெட்டியில் ப்ராசஸரை 55 வாட்டுக்கு ஏற்றினால் போர்டு, எஸ்எஸ்டி, யுஎஸ்பிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. சோதனை தேறும், பென்டிரைவ் செருகும் நாளில் அணையும்.
3. அலுவலகப் பெட்டிகளில் இந்த அமைப்பு பூட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் ‘சத்தம் குறைவா, சூடு குறைவா’ என்று கேட்கும் ஒரே ஒரு தேர்வு இருக்கும். சூடு குறைவு என்பதை எடுத்தால் ஃபேன் முன்கூட்டியே சுற்றும், கொஞ்சம் வேகம் கிடைக்கும். அதற்கு மேல் அந்தப் பெட்டியில் போராடிப் பயனில்லை.

இதன் தலைகீழ் நிலையும் உண்டு. கடையில் தனித்தனியாக வாங்கும் ஐடிஎக்ஸ் போர்டுகள் சிலவற்றில் பிஎல்1, பிஎல்2 இரண்டும் 4095 அல்லது 4096 வாட் என்று இருக்கும். வரம்பே இல்லை என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். 37 மி.மீ. உயரமே உள்ள கூலரோடு அந்த போர்டு வந்தால் நேராக அடுத்த அறிகுறிக்குப் போய்விடும்.

## அறிகுறி 2: 95–100 டிகிரி தொட்டு வேகம் குறைகிறது

இந்தப் புகார்தான் அதிகம். இதில் முதல் வேலை, சூடு ஏறும் விதத்தைப் பார்ப்பது. அது ஒன்றே பாதிக் காரணங்களைக் கழித்துவிடும்.

### சுமை தொடங்கிய 2–3 விநாடியில் 90-ஐத் தாண்டுகிறது, நிறுத்தியதும் உடனே விழுகிறது

சூடு ஹீட்சிங்குக்கே (கூலரின் உலோகப் பகுதி) போய்ச் சேரவில்லை. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில்தான் கோளாறு. ஹீட்சிங்கைத் தொட்டால் அது வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும்.

முதலில் பவர் எண்ணைப் பாருங்கள். 37 மி.மீ. கூலரின் கீழ் 120 வாட் ஓடினால் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான். 65 வாட்டுக்குள்ளேயே இப்படி ஆனால் கழற்றுங்கள்.

கழற்றும் முன் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, வயரை எடுத்த பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ரைசனின் ஏஎம்4 சாக்கெட்டில் நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். எடுத்ததும் பேஸ்ட் படிந்த அச்சைப் பாருங்கள். ஒரு மூலையில் கெட்டியாகவும் எதிர்மூலையில் தேய்ந்தும் இருந்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவில் உலர்ந்து பொடியாகியிருந்தால் பேஸ்ட்டின் ஆயுள் முடிந்தது. புதிதாகக் கட்டிய பெட்டி என்றால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா என்று பாருங்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும் கேள்விதான். ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு, 4–5 மி.மீ. போதும். திருகுகளைக் குறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். இன்டெலின் பழைய 1200 சாக்கெட் கூலரை அடுத்து வந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் போட்டிருந்தால் துளை இடைவெளி 75-இலிருந்து 78 மி.மீ. ஆகியிருப்பதோடு, ப்ராசஸரின் உயரமும் குறைந்திருக்கிறது. துளையை இழுத்துப் பொருத்தினாலும் அழுத்தம் கிடைக்காது. கூலர் தயாரிப்பாளரின் 1700-க்கான பிராக்கெட்டே வேண்டும்.

வருடம் முழுக்க ஓடும் பெட்டியில் பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சூட்டில் இளகும் பிடிஎம்7950 தாளை வைக்கலாம். 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்பும், பேஸ்ட் போல ஓரத்துக்குப் பிதுங்கி வறளாது. ஒட்டிய முதல் ஓட்டத்தில் வெப்பம் கொஞ்சம் அதிகம் காட்டும். இரண்டு மூன்று முறை சூடேறி ஆறிய பிறகு வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

### 5–15 நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறுகிறது, நிறுத்தினாலும் மெல்லத்தான் இறங்குகிறது

பேஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் காற்று மாறவில்லை. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்:

இடம். மானிட்டரின் முதுகில் மாட்டியதா, மேசை இழுப்பறைக்குள்ளா, டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டிலா? வெளியே எடுத்து, நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு மறுபடி ஓட்டுங்கள். 6–8 டிகிரி இறங்கினால் வேலை முடிந்தது.

மூடி. திறந்து வைத்து 10 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிஎக்ஸ் பெட்டியில் 8–10 டிகிரி இறங்கினால் காற்று வழி போதவில்லை. 3 டிகிரிகூட மாறவில்லை என்றால் ஃபேன் அல்லது கூலர். 1 லிட்டர் பெட்டிகளில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். பலவற்றில் மூடியே காற்றைத் தள்ளும் குழாயின் ஒரு சுவர். திறந்தால் சூடு கூடும்.

தூசி. 1 லிட்டர் பெட்டியைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று மூடிவிடக் கூடாது. ப்ளோயர் ஃபேனுக்கும் செப்பு ஃபின்களுக்கும் நடுவில் கம்பளி போலத் தூசி அடைந்திருக்கும். ஃபேனின் மூன்று நான்கு திருகுகளைக் கழற்றினால்தான் கண்ணில் படும். தூசி ஊதும் கருவியால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீட்டு வேக்கம் கிளீனரின் முனையை போர்டுக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். நிலைமின்சாரம் சேரும்.

ஃபேன் திசை. ஐடிஎக்ஸ் கேபினெட்டில் இரண்டு ஃபேன்கள் எதிரெதிராக ஊதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஃபேனின் சட்டக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். மெல்லிய தாள் ஒன்றை அருகே பிடித்தால் சந்தேகம் தீரும்.

இத்தனையும் சரி, இன்னும் சூடு என்றால் கூலரின் திறமை அவ்வளவுதான். அப்போது கூலரை மாற்றுவதற்கு முன் பவரைக் குறையுங்கள்.

### பவர் வரம்பை எத்தனை வாட்டில் வைப்பது

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் அறையில், உங்கள் கூலரில், நீங்கள் எடுத்த அந்த மூன்று எண்களே போதும். அறை 30 டிகிரி, பவர் 65 வாட், ப்ராசஸர் 82 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஏறிய சூடு 52. அதை 65-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.8 டிகிரி. ஃபேன் அதே வேகத்தில் சுற்றும் வரை இந்த 0.8 ஏறக்குறைய மாறாது.

இப்போது கத்திரி வெயில். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, பிற்பகலில் 38 டிகிரி. அதே 65 வாட்டில் ப்ராசஸர் 90-இல் நிற்கும். 85-ஐத் தாண்ட வேண்டாம் என்றால் மீதமிருப்பது 47 டிகிரி. 47-ஐ 0.8-ஆல் வகுத்தால் 58 வாட் சொச்சம். பயாஸில் 58 வையுங்கள். டிசம்பரில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு மே மாதத்தில் ‘திடீரென்று சூடாகிறது’ என்று வரும் பெட்டிகளில் பாதிக்கு மருந்து இந்தக் கழித்தலும் வகுத்தலும்தான்.

இன்டெலில் லாங் டியூரேஷன் வரம்புக்கு இந்த எண்ணை வையுங்கள். ஷார்ட் டியூரேஷனுக்கு (பிஎல்2) அதைவிட 20–25 வாட் மட்டும் அதிகமாக வைத்தால் ஃபேன் திடீரென அலறாது. ரைசனில் பிபிடி எண்ணைத்தான் மாற்ற வேண்டும். 65 வாட் என்று விற்கும் ரைசனின் பிபிடி 88 வாட், 105 வாட் என்று விற்பதன் பிபிடி 142 வாட். விற்கும்போது சொல்லும் இந்த 65, 105 என்ற டிடிபி எண்ணை நம்பிச் சின்ன கூலர் வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பயாஸில் ஈகோ மோட் (பவர் குறைக்கும் தேர்வு) இருந்தால் 65 வாட் தேர்வு 88-ஐயும், 45 வாட் தேர்வு ஏறக்குறைய 60-ஐயும் கொடுக்கும்.

வேகம் எவ்வளவு போகும்? 88, 76, 65, 54, 45 என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் சினிபெஞ்ச் மதிப்பெண்ணை எழுதுங்கள். முதல் இரண்டு படிகளில் மதிப்பெண் சொற்பமாகவும், கடைசிப் படிகளில் சட்டென்றும் குறையும். அந்தத் திருப்பத்துக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். வீடியோ மாற்றுவது, கோடு கம்பைல் செய்வது போல எல்லா கோரும் ஓடும் வேலையில்தான் இந்த இழப்பு தெரியும். பிரௌசர், டாலி, எக்செல் எல்லாம் ஒன்றிரண்டு கோரில் ஓடுபவை. அவை 45 வாட் வரம்பைத் தொடுவதே அரிது.

ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் போன்றவை முழுச் சுமையில் 95 டிகிரியில் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண் ஒன்றை வைத்துக் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் சின்னப் பெட்டியில் அந்த 95 பக்கத்திலிருக்கும் எஸ்எஸ்டியையும் வேகவைக்கும். அதற்காகவே குறைப்பது நல்லது.

வோல்டேஜ் குறைப்பது கடைசிப் படி. ரைசனில், கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் வோல்டேஜ் அமைப்பில் எல்லா கோருக்கும் கழித்தல் 10-இல் தொடங்கி, ஒரு வாரம் நிலையாக ஓடினால் 15, 20 என்று போகலாம். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனால் 5 படி பின்வாங்குங்கள். இன்டெலில் 2019 இறுதியில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல பயாஸ்களில் இந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. பெயரில் கே எழுத்தில்லாத 12-ஆம் தலைமுறைச் சில்லுகளில் முயற்சியே வீண். பவர் வரம்போடு நின்றுகொள்ளுங்கள்.

### செலவு செய்யும் கட்டம்

கூலர் வாங்கும் முன் உள்ளே இருக்கும் உயரத்தை அளக்கவும். டெஸ்க்மினி எக்ஸ்300-இல் 46 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். நாக்டுவாவின் என்எச்-எல்9ஏ கூலர் 37 மி.மீ. என்பதால் தாராளமாக அமரும். 70 மி.மீ. உயரமுள்ள என்எச்-எல்12எஸ் ஐடிஎக்ஸ் கேபினெட்டுக்குத்தான். 37-லிருந்து 70-க்குப் போவது பெரிய மாற்றம். 37-லிருந்து 47-க்குப் போவதற்காகக் கேபினெட்டையே மாற்றுவது வீண் செலவு.

கடைக்கு எப்போது: ஃபேன் வேகம் எச்டபிள்யூஇன்ஃபோவில் 0 காட்டி, வேறு ஃபேன் போட்டும் சுற்றவில்லை என்றால் போர்டின் ஃபேன் இணைப்பு போயிருக்கிறது. ஏஎம்4 ப்ராசஸரின் பின் வளைந்தாலும், எல்ஜிஏ சாக்கெட்டில் பேஸ்ட் இறங்கினாலும் நீங்களே ஊசியால் கிளறாமல் சில்லு வேலை செய்யும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 3: சூடே இல்லை, ஆனால் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்ட மறுக்கிறது

40 டிகிரியில் இருந்துகொண்டு, மவுஸ் நகர்த்தினாலே திணறும் பெட்டி. பேஸ்ட் மாற்றிப் பணம் வாங்கிவிட்டு அனுப்பப்படும் பெட்டிகளில் இதுவும் ஒன்று. சூட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

விண்டோஸ் பவர் பிளானில் ‘மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ எவ்வளவு என்று பாருங்கள். 100 இருக்க வேண்டும். 99 வைத்தால் டர்போ மட்டும் போகும், அடிப்படை வேகத்துக்கு மேல் ஏறாது. யாரோ 30 வைத்திருந்தால் மொத்தமும் படுத்துவிடும்.

அது சரியென்றால் அடாப்டர். டெல் பெட்டி அடாப்டரின் நடுப் பின் வழியாக அதன் வாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பதில் வராவிட்டால், அடாப்டர் வகை தெரியவில்லை என்று தொடக்கத்தில் ஒரு செய்தி காட்டிவிட்டு ப்ராசஸரைக் கட்டிப்போடும். லெனோவோவின் செவ்வக முனையிலும் நடுப் பின்னே வாட்டைச் சொல்கிறது. 65, 90, 135 வாட் அடாப்டர்களின் முனை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய பெட்டி வாங்கும்போது கூட வந்த அடாப்டர் அந்தப் பெட்டிக்கே உரியதா என்பதைச் சந்தேகியுங்கள். 65 வாட் ப்ராசஸர் உள்ள பெட்டிக்கு 65 வாட் அடாப்டர் போதாது.

உறுதிப்படுத்த: ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் கெர்னல்-ப்ராசஸர்-பவர், எண் 37 என்ற பதிவைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று அது சொல்லும். எச்டபிள்யூஇன்ஃபோவில் குளிர்ந்த நிலையிலேயே ப்ரோக்ஹாட் ‘யெஸ்’ என்றால் ப்ராசஸர் அல்லாத வேறு ஏதோ பாகம் ‘நிறுத்து’ என்று கூவுகிறது. அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். பிறகு சரியான வாட்டுள்ள வேறு ஒரிஜினல் அடாப்டரால் ஒரு முறை. சரியான அடாப்டரோடும் ப்ரோக்ஹாட் போகவில்லை என்றால் டிசி ஜாக்கின் நடுப் பின்னோ போர்டின் சென்சாரோ பழுது. அது சால்டரிங் வேலை, கடைக்குத்தான்.

ப்ரோக்ஹாட்டை மென்பொருளால் அணைத்துவிட்டால் வேகம் வந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. அடாப்டர் பழுதான நிலையில் அதைச் செய்தால் அடாப்டர் உருகக்கூடும். வேண்டாம்.

இன்னொரு கிளை: வேகம் சுமையில் மட்டும் விழுகிறது, ப்ராசஸர் 70 டிகிரி, பவர் வரம்பும் தொடவில்லை. போர்டின் விஆர்எம்மை, அதாவது ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியைப் பாருங்கள். ஹீட்சிங்க் இல்லாத எச்610, ஏ520 ஐடிஎக்ஸ் போர்டில் 65 வாட்டுக்கு மேற்பட்ட ப்ராசஸர் போட்டால் அந்தப் பகுதியிலுள்ள மாஸ்ஃபெட்டுகள் 100 டிகிரியைத் தாண்டக்கூடும். மேலிருந்து கீழே ஊதும் கூலர் அவற்றையும் சேர்த்துக் குளிர்விக்கும். வாட்டர் கூலர் போட்டால் அந்தக் காற்றும் போய்விடும். ‘வாட்டர் கூலிங் போட்டதற்குப் பிறகுதான் ஸ்லோ’ என்பதன் விளக்கம் இது.

## அறிகுறி 4: திடீரென அணைகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது

சூட்டால் என்று முடிவுசெய்ய அவசரப்பட வேண்டாம். சூடேறிய ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். அறிவிப்பே இல்லாமல் அணைந்தால் மின்சாரப் பக்கம்தான் பெரும்பாலும் காரணம்.

### கரண்ட் போகும் விநாடியில் மட்டும்

600 விஏ யுபிஎஸ் என்பது வழக்கமாக 360 வாட்தான். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டினால் மாறும் கணத்தில் விழும். வாட் குறைவாக இருந்தும் விழுந்தால், யுபிஎஸ்ஸின் படிப்படியான அலையை ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை ஒழுங்காக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஏற்காமல் போகிறது. சைன் அலை யுபிஎஸ் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால் முதலில் அதன் பின்புற ஸ்விட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். செலவில்லாத தீர்வு.

### கேம் தொடங்கியதும்

கிராபிக்ஸ் கார்டு மில்லிவிநாடி அளவில் தன் வரம்பைவிட மிக அதிகமாக இழுக்கும். 220 வாட் ஆர்டிஎக்ஸ் 3070-ஐ 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) எஸ்எம்பிஎஸ்ஸில் ஓட்டினால் சராசரிக் கணக்கு சரியாக வந்தாலும் இந்த உதைப்பில் எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளக்கூடும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கி விளையாடிப் பாருங்கள். அணைவது நின்றால் காரணம் உறுதி. கார்டில் இரண்டு 8 பின் இணைப்புகள் இருந்தால் ஒரே வயரின் இரட்டை முனையைப் போடாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்கள் கொடுங்கள். புது வகை 12 வோல்ட் 16 பின் இணைப்பு, சின்னக் கேபினெட்டில் பக்கத் தகடு அழுத்தி வளைந்து நிற்கும். முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். பழுப்பு நிறமோ கருகிய வாடையோ இருந்தால் மறுபடி ஆன் செய்யவே வேண்டாம்.

### கம்ப்யூட்டர் அணையவில்லை, கேம் மட்டும் மூடிக்கொள்கிறது

13, 14-ஆம் தலைமுறை இன்டெலில், அடிப்படை பவர் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் சில்லு என்றால், வேறு எதையும் தொடும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள். வோல்டேஜ் கோளாறுக்கான மைக்ரோகோடுகளை (பயாஸோடு வரும் ப்ராசஸர் திருத்தங்கள்) இன்டெல் 2024-இல் வெளியிட்டது. ஏற்கெனவே சேதமான சில்லை அது குணமாக்காது. புதுப்பித்தும் தொடர்ந்தால் வாரன்டியில் மாற்றக் கேளுங்கள். இந்த வரிசைக்கான வாரன்டியை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது.

### எப்போது வேண்டுமானாலும்

அடாப்டரின் முனையை ஜாக்கில் மெல்ல அசையுங்கள். அசைத்தால் அணைந்தால் ஜாக். அணையவில்லை என்றால் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். தலையணை மேலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ கிடக்கும் அடாப்டர் சூட்டில் தானே அணையும். மல்டிமீட்டரில் 19 அல்லது 20 வோல்ட் காட்டுவதால் மட்டும் அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. சுமை ஏறும்போதுதான் குப்புற விழும். மாற்று அடாப்டர் போட்டு ஒரு நாள் ஓட்டுவதுதான் சோதனை.

உலோகக் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடாதீர்கள். பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸையும் அடாப்டரையும் நீங்களே திறக்கக் கூடாது. வயரை எடுத்த பின்னும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

## அறிகுறி 5: ஃபேன் ஏறி இறங்கி உயிரை எடுக்கிறது

ஒரு பிரௌசர் டேப் திறந்தாலே உஸ்ஸென்று ஏறி, மூன்று விநாடியில் அடங்கினால் கூலரில் குறையில்லை. ப்ராசஸர் ஒரு கணம் 20 டிகிரி குதிப்பது இயல்பு. ஃபேன் அதைத் துரத்துகிறது. பயாஸில் ‘ஃபேன் ஸ்டெப் அப்’ நேரத்தை 3–5 விநாடியாக்குங்கள். 65 டிகிரி வரை வேகம் மாறாத ஒரு தட்டையான கோடும், அதற்கு மேல் சரிவும் வையுங்கள். ஷார்ட் டியூரேஷன் பவரைக் குறைத்தாலும் இந்தக் குதிப்பு அடங்கும்.

ஒரே சீரான விசில் போன்ற சத்தம் என்றால் ஃபேன், துளையிட்ட தகட்டுக்கு மிக அருகே இருக்கிறது. இடைவெளி 5 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால், ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோமால் சின்னக் குழாய் செய்து மூடுங்கள். சத்தமும் குறையும், தான் வெளியேற்றிய சூட்டையே மறுபடி இழுப்பதும் நிற்கும். கரகரப்பு என்றால் பேரிங். எண்ணெய் விடுவது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். ஃபேனை மாற்றுங்கள்.

## அறிகுறி 6: பெரிய ஃபைல் காப்பி பாதியில் நொண்டுகிறது

எஸ்எஸ்டி வெப்பத்தைப் பாருங்கள். வேகம் விழும் கணத்தில் 70-க்குக் கீழ் இருந்தால் சூடு காரணமல்ல. உள்ளே இருக்கும் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பிவிட்டது. மலிவு விலை என்விஎம்இ எஸ்எஸ்டியின் சுபாவம் அது, ஹீட்சிங்க் போட்டும் பயனில்லை. 80-ஐ நெருங்கினால்தான் சூடு. ஐடிஎக்ஸ் போர்டின் அடிப்பக்கம் பொருத்திய எஸ்எஸ்டிக்குக் காற்றே கிடைக்காது. கேபினெட் தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதே தடிமனில் தெர்மல் பேட் (சூடு கடத்தும் மென்தாள்) வைத்தால் தகடே ஹீட்சிங்காகிவிடும். தடிமன் அதிகமானால் எஸ்எஸ்டி வளையும், ஆகவே அழுத்தித் திணிக்க வேண்டாம்.

## அறிகுறி 7: கிராபிக்ஸ் கார்டு 83-ஐத் தொட்டு நிற்கிறது

கார்டின் சராசரி வெப்பத்துக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் (அதிலேயே அதிகம் சூடான புள்ளி) உள்ள வித்தியாசம் 10–15 என்றால் இயல்பு. 25-ஐத் தாண்டினால் கார்டின் பேஸ்ட் போயிருக்கிறது. வாரன்டி இருந்தால் பிரிக்காமல் அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெமரி மேல் உள்ள பேட்களின் தடிமனை அறிந்த கடையில் கொடுங்கள். அரை மி.மீ. தவறினால் மையச் சில்லைத் தொடாமல் கூலர் தூக்கி நிற்கும்.

வித்தியாசம் இயல்பாக இருந்தால் காற்றுதான். கார்டின் ஃபேன் தகட்டின் துளைகளை நேராகப் பார்க்க வேண்டும், நடுவில் தூசி வலை இருந்தால் கழற்றிப் பாருங்கள். பிறகு பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். கார்டு குறைத்துக்கொள்ளும் ஒவ்வொரு வாட்டும் பக்கத்தில் உள்ள ப்ராசஸருக்கும் மிச்சம். புதிதாக வாங்குவதென்றால் 10 லிட்டர் பெட்டிக்கு 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 நிம்மதி, 200 வாட் 4070 வரை சமாளிக்கலாம். 320 வாட் 3080 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது.

ரைசர் கேபிள் (கார்டைப் போர்டிலிருந்து தள்ளிவைக்க உதவும் நீட்டிப்பு வயர்) வழியாகப் பொருத்திய கார்டில் திரை கறுப்பாகிறது என்றால் அது சூடல்ல. பயாஸில் பிசிஐஇ (கார்டு இணைப்பு) வேகத்தை ஜென்3-க்கு மாற்றிப் பாருங்கள்.

## அறிகுறி 8: எல்லாம் சரியாக இருந்தது, சில மாதம் கழித்துப் பழையபடி

முதலில் பயாஸுக்குள் போய், வைத்த பவர் வரம்பு அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸைப் புதுப்பித்தால் அது தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். புதுப்பிக்காமலே போயிருந்தால், தேதியும் நேரமும் தவறாக இருக்கிறதா? சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றிவிட்டு எண்களை மறுபடி உள்ளிடுங்கள்.

வரம்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அதே அறை வெப்பத்தில், அதே வாட்டில் 6 டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் தூசி. ஊதியும் இறங்கவில்லை என்றால் பேஸ்ட். ஒப்பிடுவதற்குப் பழைய எண் கையில் இருக்க வேண்டும் அல்லவா? அறை வெப்பம், வாட், ப்ராசஸர் வெப்பம், தேதி, வைத்த வரம்பு ஆகிய ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, காற்று போகும் வழியில் படாதபடி கேபினெட் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் கடைக்காரராக இருந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பார்.